வெஸ்ட்ரேயில் ஏறி பாப்பா வெஸ்ட்ரேயில் இறங்கியது

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். இரண்டிலும் விமானத்தளம் உண்டு. இடையில் உள்ள தூரம் 2.7 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுதளமே இதைவிட நீளம்! கால அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று ஒத்துழைத்தால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை இதுதான். இதில் ஏறுவதற்காகவே ஓர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வால் வரை போனேன்.

பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர் என்ற குட்டி விமானம். எட்டுப் பயணிகள்தான். கழிப்பறை இல்லை, விமானிக்கும் நமக்கும் நடுவே கதவும் இல்லை. எடை சரிசமமாக அமைய வேண்டும் என்பதால் யார் எங்கே உட்காருவது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். விமானிக்குப் பக்கத்து இருக்கையும் பயணிக்குத்தான். அது எனக்கு வாய்க்கவில்லை; பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

கிர்க்வாலிலிருந்து வெஸ்ட்ரேவுக்குக் கால் மணி நேரம். அங்கே சிலர் இறங்கினார்கள், கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான், மறுபடி கிளம்பியாயிற்று. ஓடுதளம் 500 மீட்டர் சொச்சம். தடதடவென்று ஓடி எழுந்ததுமே முன்கண்ணாடியில் அடுத்த தீவின் ஓடுதளம் தெரிகிறது. கீழே கடல், பிறகு ஒரு கரை, மாடு மேயும் வயல், கல்வேலி. போன் கேமராவைச் சரிசெய்வதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றரை நிமிடத்தில் 2.7 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் கார்களே அந்த வேகத்தில் போகின்றன. காரணம் எளிது: விமானம் முழு வேகத்தை எட்டுவதற்கு முன்பே இறங்க வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் எழுவது, எந்தப் பக்கம் இறங்குவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். சுற்றி வர நேர்ந்தால் நேரம் கூடும். எல்லாம் கூடிவந்த ஒரு நாளில் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடியில் கடந்திருக்கிறார். அதுதான் சாதனை.

சாதனைச் சான்றிதழுக்காக வரும் என்னைப் போன்றவர்களுக்காக இந்தச் சேவை தொடங்கப்படவில்லை. 1967 முதல் லோகன்ஏர் என்ற விமான நிறுவனம் இதை நடத்துகிறது. கிர்க்வாலிலிருந்து வெளித்தீவுகளுக்குச் சுற்றி வரும் டவுன் பஸ் மாதிரிதான். ஆசிரியர், மருத்துவர், நோயாளி எல்லோரும் ஏறுகிறார்கள். வெஸ்ட்ரேவும் பாப்பா வெஸ்ட்ரேவும் அதில் இரண்டு நிறுத்தங்கள், அவ்வளவுதான். பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை; அரசு மானியம் இல்லாமல் இது ஓடாது. எனக்கு இந்த ஏற்பாடு சாதனையைவிடப் பெரிதாகப் பட்டது.

இறங்கியதும் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அது வீண். நடந்தே போகும் தூரத்தில் கடலோரமாக நாப் ஆஃப் ஹோவர் இருக்கிறது. கி.மு. 3700 வாக்கில் கட்டிய இரண்டு கல்வீடுகள், எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழையவை. சுவர் இன்னும் நிற்கிறது. குனிந்து உள்ளே நுழையலாம். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது.

திரும்பும்போது வெஸ்ட்ரேவுக்குப் படகில் வந்தேன். அதே நீரிணை, சுமார் 25 நிமிடம். விமானத்தில் கவனிக்க முடியாத கடல்நாய்களை இதில் நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. போகிறவர்கள் ஒருவழி விமானம், ஒருவழி படகு என்று திட்டமிடுங்கள். விமானத்தில் இடம் குறைவு, முன்பதிவு அவசியம்.