ஜர்காட் செல்லில் சிஎக்ஸ்சிஆர்4 நாக்அவுட்: செய்பவர்கள் கவனிக்க

ஆய்வேட்டுக்காக ஜர்காட் செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி-செல் வகை) சிஎக்ஸ்சிஆர்4 என்ற மேற்பரப்பு ஏற்பியை, மரபணுவை வெட்டும் கிரிஸ்பரால் நீக்கப் போகிறீர்களா, அதாவது நாக்அவுட் செய்யப் போகிறீர்களா? வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் கைடு ஆர்என்ஏவை ஆர்டர் செய்யும் முன் மரபணுவின் அமைப்பைப் பாருங்கள். எக்சான்கள், அதாவது எம்ஆர்என்ஏவில் தங்கும் பகுதிகள், இரண்டே. வழக்கமான வடிவத்தில் முதல் எக்சானுக்கு உரியது நாலைந்து அமினோ அமிலம்தான். மீதி முழுதும் இரண்டாவதில். கைடு அதன் தொடக்கத்தில் விழ வேண்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பலர் மாட்டுவதும் இங்கேதான். இரண்டாவதே கடைசி எக்சான் என்பதால், நடுவில் புரதத்தை முடிக்கும் நிறுத்தக் குறி விழுந்தாலும் செல் அந்த எம்ஆர்என்ஏவைப் பொதுவாக அழிக்காது. எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரில் அளவு அப்படியே இருக்கும். அதைப் பார்த்து எடிட் ஆகவில்லை என்று செல்லைக் கொட்டிவிடாதீர்கள். சாட்சி சொல்ல வேண்டியது மேற்பரப்புப் புரதம்.

மின்துடிப்பால் செல்லுக்குள் செலுத்தும் எலக்ட்ரோபொரேஷனுக்கு 2 லட்சம் செல், 20 மைக்ரோலிட்டர் பஃபர், 60 பிகோமோல் காஸ்9 (டிஎன்ஏவை வெட்டும் நொதி), 150 பிகோமோல் கைடு என்று தொடங்கலாம். காஸ்9-ஐயும் கைடையும் அறை வெப்பத்தில் 10 நிமிடம் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். செல்லை முந்தைய நாளே புது மீடியத்தில் பிரித்து விட்டிருக்க வேண்டும். நெரிசலில் வளர்ந்த செல் அதிகம் செத்துப்போகும்.

மூன்றாம் நாள் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் முறை) ஏற்பி தெரிந்தால் பதற வேண்டாம், அது பழைய புரதமாக இருக்கலாம். ஏழாம் நாள், இந்த ஏற்பியில் ஒட்டும் 12ஜி5 ஆன்டிபாடியால் பாருங்கள். சாயமேற்றுவது ஐஸில், இறந்த செல்லைப் பிரிக்கும் சாயமும் கட்டாயம், செத்த செல்லில் எந்த ஆன்டிபாடியும் ஒட்டும். இந்த ஏற்பியைத் தூண்டும் புரதமான சிஎக்ஸ்சிஎல்12 பட்ட செல்லில் ஏற்பி உள்ளே போய்விடும், அதுவும் நாக்அவுட் போலவே தெரியும்.

அதிக நாள் பிடிப்பது, ஒற்றைச் செல்லிலிருந்து கூட்டம் வளர்க்கும் குளோனிங். 96 குழித் தட்டில் ஒற்றைச் செல்லுக்குப் புது மீடியம் மட்டும் போதாது, செல் வளர்ந்த பழைய மீடியத்தை 0.22 மைக்ரானில் வடிகட்டிப் பாதிக்குப் பாதி கலந்து, சீரத்தை 20 சதவீதமாக்குங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். ஜர்காட் ஏறக்குறைய நான்மடிக் குரோமோசோம் கொண்டது, அதாவது மரபணுவுக்கு நான்கு நகல் வரை இருக்கலாம். ஒரே ஒரு நகலில் 3 எழுத்து மட்டும் விழுந்தாலும், படிக்கும் வரிசை கெடாததால் ஏற்பி மிஞ்சலாம். எல்லா நகலையும் ஒன்றாகப் படிக்கும் சாங்கர் சீக்வென்சிங்கின் வரைபடம் குழம்பித் தெரியும், ஒவ்வொன்றையும் தனித்தனியே படிக்கும் ஆம்ப்ளிகான் சீக்வென்சிங்தான் சரி.

பிறகு செயல் சோதனை: கால்சியம் ஏறினால் ஒளிரும் ஃப்ளூவோ-4 சாயத்தை ஏற்றி, மில்லிக்கு 100 நானோகிராம் சிஎக்ஸ்சிஎல்12. கால்சியம் ஏறக் கூடாது. கடைசியில், ஏற்பி இல்லாமலே கால்சியத்தை ஏற்றும் அயனோமைசின் கொடுங்கள். அதற்கும் ஏறாவிட்டால் கோளாறு சாயத்தில். எடிட் செய்யாத மூலச் செல்லில், ஏற்பியைத் தடுக்கும் மருந்தான ஏஎம்டி3100 போட்டால் நாக்அவுட்டை ஒத்த முடிவு வர வேண்டும். ஒரே குளோனை நம்பாதீர்கள்: இரண்டு கைடிலிருந்து மூன்று குளோனாவது எடுத்து, ஒன்றில் சிடிஎன்ஏவால் (எம்ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) ஏற்பியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காஸ்9-ஐயும் கைடையும் லென்டிவைரஸால் செல்லில் நிலையாக வைத்திருந்தால், சிடிஎன்ஏவின் பாம் தளத்தை (காஸ்9 வெட்டுவதற்குத் தேவையான சிறு எழுத்துத் தொடர்) அமினோ அமிலம் மாறாதபடி திருத்த வேண்டும். இல்லாவிட்டால் அதையும் வெட்டிவிடும்.