காரணம் சொல்லாத கடிதம்

நேர்காணலின் எல்லாச் சுற்றுகளையும் முடித்து, வீட்டிலிருந்து எழுதி அனுப்பச் சொன்ன கணினி நிரலுக்காக ஒரு சனி ஞாயிறு முழுவதையும் கொடுத்த பிறகு, மியூனிக் நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்த பதில் மூன்றே வரிகளில் முடிந்திருந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், என் தொழிலுக்கும் சொந்த வாழ்வுக்கும் வாழ்த்துகளாம். ஏன் என்பது மட்டும் அதில் இல்லை.

"ஏன் கண்ணு, எதனாலன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா?" என்று ஈரோட்டிலிருந்து அம்மா கேட்டார்.

சொல்ல மாட்டார்கள். ஜெர்மனியில் 2006-இல் நடைமுறைக்கு வந்த சமநடத்தைச் சட்டப்படி, இனம், மதம், பாலினம், வயது போன்றவற்றால் ஒதுக்கப்பட்டதாகக் கருதும் விண்ணப்பதாரர், நிராகரிப்பு கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் இழப்பீடு கோரலாம். எழுதிக் கொடுக்கும் ஒரு வரி நாளை வழக்காகத் திரும்புமோ என்று அஞ்சியே பல நிறுவனங்கள் வாய் திறப்பதில்லை. என்னைப் போன்ற வெளிநாட்டவரையும் காக்க வந்த சட்டத்தைக் காட்டியே எனக்குத் தெரிய வேண்டியதை மறைக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அந்தச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கேச் (விரைவாக எடுப்பதற்காகத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் தரவு) எப்போது காலாவதியாக வேண்டும் என்ற கேள்வியில் தடுமாறினீர்கள் என்று சொல்வதில் என்ன பாகுபாடு வந்துவிடப் போகிறது?

மற்றபடி இந்த ஊர் பழகிவிட்டது. ஞாயிறன்று கடை இருக்காது என்று சனிக்கிழமையே பால் வாங்கிவிடுகிறேன். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காலிப் பாட்டில்களைக் கடையிலிருக்கும் இயந்திரத்தில் போட்டு, வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகையை ஒன்றுக்கு 25 சென்ட் வீதம் திரும்பப் பெறுகிறேன். விடை உறுதியாகும்வரை பேசாதே என்று வளர்க்கப்பட்ட நான், நேர்காணலில் வாய்விட்டு யோசிக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் காணொளி அழைப்பு முடிந்து தனியே உட்கார்ந்திருக்கும்போது, மனம் கோவையில் படித்த கல்லூரியின் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்விடுகிறது. நெற்றியில் திருநீறும், கையில் சான்றிதழ் கோப்பும், இரவல் வாங்கிய டையுமாக வராந்தாவில் நிற்போம். அறையிலிருந்து ஒருவன் வெளியே வந்ததும் "என்னடா கேட்டாங்க?" என்று சூழ்ந்துகொள்வோம். ஒன்றோடொன்று கோத்த தரவுப் பட்டியலான லிங்க்டு லிஸ்டைத் திருப்பிப் போடும் நிரலை அவன் எழுதிய விதத்தை நோட்டுத் தாளில் மறுபடி எழுதவைத்து, எந்த வரியில் சறுக்கினான் என்பதை அங்கேயே கண்டுபிடித்துவிடுவோம். வேலை கிடைக்காதவனுக்கும் அன்று மாலைக்குள் காரணம் தெரிந்துவிடும்.

அடுத்த நேர்காணல் செவ்வாய்க்கிழமை. விஷயம் மனிதவளத் துறையின் கைக்குப் போவதற்கு முன்பே, எந்த இடத்தில் என் விடை போதவில்லை என்று அழைப்பில் இருக்கும் பொறியாளரிடமே கேட்டுவிடப் போகிறேன்.