மாமியாரின் நோட்டில் ஒரு மாதப் பிழை

என் கணவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர். அவர் அம்மாவின் பரம்பரை நோட்டில் முதல் பெயர் ஆபிரகாம் ஓப் டென் கிராஃப். ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து 1683 அக்டோபரில் கான்கார்ட் கப்பலில் ஃபிலடெல்ஃபியா வந்து இறங்கிய 13 குடும்பங்களில் ஒன்று அவருடையது. தொழில் நெசவு. (எங்கள் தாத்தாவும் சென்னிமலைத் தறிக்காரர்தான். இதைச் சொன்னதும் மாமியாருக்கு என்மேல் தனிப் பிரியம்.)

ஆபிரகாம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1688-ல் ஃபிலடெல்ஃபியா அருகே ஜெர்மன்டவுனில் நான்கு பேர் சேர்ந்து, மனிதனை விலைக்கு வாங்குவது தப்பு என்று தங்கள் சபைக்கே எழுதினார்கள். கடைசிக் கையெழுத்து இவருடையது. சபை என்ன செய்தது? மாதக் கூட்டம் காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அங்கே கிடப்பில் போட்டார்கள். நம்மூர் மனு கெட்டது! அடிமை வைத்திருக்கக் கூடாது என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் தடை போட்டது 1776-ல்தான்.

சரி, பிழைக்கு வருகிறேன். மனுவின் தேதி 'இரண்டாம் மாதம் 18'. மாமியார் பிப்ரவரி என்று எழுதி வைத்திருந்தார். அந்தக் காலக் குவேக்கர்கள் மாதப் பெயர்களைச் சொல்லமாட்டார்கள்; அவற்றில் சில ரோமானிய தெய்வங்களின் பெயர்கள். எண் மட்டும்தான். 1752 வரை அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். அப்படியானால் இரண்டாவது ஏப்ரல்.

"அழிக்காதே, பக்கத்தில் எழுது" என்றார் மாமியார். பென்சிலில் எழுதினேன்.