இடது விலாவில் ஒரு சின்னக் கோடு

என் மகள் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1050 கிராம். கருவில் இருக்கும்போது ரத்தத்தை நுரையீரலுக்கு விடாமல் திருப்பிவிடும் குழாய் ஒன்று இதயத்தை ஒட்டி இருக்கும். நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்து இரண்டு மூன்று நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். இவளுக்கு மூடவில்லை, மருந்துக்கும் கேட்கவில்லை. அப்புறம்தான் விலா எலும்புகளுக்கு நடுவே கீறி அதைக் கட்டினார்கள்.

பாலக்காட்டுச் சித்தூரில் வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளர்ந்தவள் நான். ஆனாலும் ஐசியூ வாசலில் டாக்டர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. நர்ஸ் சேச்சிதான் கையைப் பிடித்துக்கொண்டு, "பேடிக்கண்ட மோளே" (பயப்படாதே மகளே) என்றார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இப்போது வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்கொரு தரம் டியூப் வழியாக என் பால், 5 மில்லி. சிரிஞ்சை அழுத்தக் கூடாது. உயர்த்திப் பிடித்தாலே மெல்ல இறங்கும். அது இறங்குகிறவரை நான் மூச்சுவிடுவதே சந்தேகம். பீய்ச்சினால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று சோர்ந்துபோகும் அம்மாக்களே, அந்தச் சொட்டும் பிள்ளைக்கு மருந்துதான்.

நாளை முதல் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளலாமாம், கங்காரு முறையில். முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி எடுத்துவரச் சொல்லி அவருக்குப் போன் போட்டிருக்கிறேன்.