லெந்து நாட்களில் ஒரு காதல் கதை

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், லெந்து தவக்காலத்தின் முதல் நாள். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெண்கள் ஐக்கியச் செயலாளர் அம்மா பிடித்துக்கொண்டார். ஈஸ்டர் மலருக்குக் கதை வேண்டுமாம். "டீச்சர், இந்தத் தடவை ஒரு காதல் கதை எழுதுங்க. ஆனா பிள்ளைங்க கையில தைரியமா கொடுக்கிற மாதிரி இருக்கணும். கடைசியில மன்னிப்பு வரணும்." பணி ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார். சரி என்றுவிட்டேன்.

இந்த மாதிரிக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து படித்துக் குவித்திருக்கிறேன். அவள் பாடகர் குழுவில் இருப்பாள். அவன் நல்ல குடும்பத்துப் பையன், ஆனால் வழி தவறியவன். கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரி மனந்திரும்பி எழுந்து முன்னால் போவான். அடுத்த அத்தியாயத்தில் அவள் முழங்காலில் நின்று ஜெபிப்பாள், எழும்போது மன்னித்திருப்பாள். அப்புறம் மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துக் கல்யாணம். கேலி செய்யவில்லை, எனக்கு அவை பிடிக்கும். ஒரு முத்தம்கூட இல்லாமல் 200 பக்கம் ஓட்டுவது லேசான காரியமா? அந்த முழங்கால் அத்தியாயத்தில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம். எழுந்து நிற்பதற்குள் எப்படி முடிந்தது?

மார்ச் 8, சனி

முதலில் வேதத்து ரூத்தை எடுக்கலாம் என்று பார்த்தேன். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்து, 1719-ல் இறக்கும்போது ரூத் வரைக்கும்தான் முடித்திருந்தார். அந்த மனிதர் கடைசியாகத் தமிழாக்கியது வயலில் கதிர் பொறுக்கிய ஒரு விதவையின் கதை.

வாசித்துக்கொண்டே போனபோது ஒன்று கண்ணில் பட்டது. ரூத் சாயங்காலம் தட்டித் தீர்க்கும்போது ஒரு மரக்கால் வாற்கோதுமை தேறுகிறது. ஓசியா தீர்க்கதரிசி, விட்டுப்போன மனைவியை மீட்கக் கொடுத்த விலையிலும் பதினைந்து வெள்ளிக்காசோடு ஒன்றரைக் கலம் வாற்கோதுமை. இரண்டு காதல் கதையிலும் யாரோ குனிந்து தானியம் அளக்கிறார்கள். ஓசியா மன்னித்தேன் என்று வாயால் சொன்னதோடு விடவில்லை, அளந்து கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கலத்துக்கு எத்தனை மரக்கால்?" என்று கேட்டார். பன்னிரண்டு. "அப்ப பதினெட்டு மரக்கால். கொஞ்சம் அதிகந்தான்" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

வேறெங்கும் போக வேண்டாம். நம் பாளையங்கோட்டையிலேயே கதை இருக்கிறது. குளோரிந்தா.

ஊசிக்கோபுரக் கோயிலை எல்லோருக்கும் தெரியும், ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டியது (பாதிரியாரைத்தான் இங்கே ஐயர் என்போம்). அதற்கு நாற்பது வருஷம் முந்தியது குளோரிந்தா கட்டிய கோயில். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தி பிராமண விதவை. புருஷன் சிதையில் ஏறப் போனவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று இங்கே சொல்வார்கள். அவரோடு வாழ்ந்தாள். இங்கிலீஷும் வேதமும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டாள். கல்யாணம் இல்லாமல் ஒருவரோடு வாழ்கிறவளுக்குக் கொடுக்க முடியாது என்று ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் அவளுடையது. 1785-ல் கோயில் கட்டி முடித்தாள். பிரதிஷ்டை செய்தது அதே சுவார்ட்ஸ் ஐயர்.

அந்த அதே என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டு ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. இல்லை என்று சொன்னவரையே கூப்பிட்டுத் திறக்க வைத்திருக்கிறாளே. இடைப்பட்ட வருஷங்களில் அவள் மனசில் என்ன ஓடியது? எந்தப் பதிவேட்டிலும் அது கிடையாது. கதைக்காரிக்கு விட்ட இடம் அதுதான்.

மார்ச் 23, ஞாயிறு

லிட்டில்டனை எழுத உட்கார்ந்தால் பேனாவில் அத்தான் வருகிறார்.

அக்காவும் அத்தானும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அத்தான் கிறிஸ்தவர் இல்லை. 1989-ல் ரிஜிஸ்டர் கல்யாணம். எங்கள் சபையில் அக்காவை, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார்கள். பல வருஷம் கழித்து வேறொரு ஐயர் வந்து, வாம்மா என்று கூப்பிட்டபோது அக்கா போகவில்லை. இப்போதும் ஞாயிறு தவறாமல் அங்கே ஒரு கோயிலில் கடைசி பெஞ்சு, திருவிருந்துக்கு முந்தி எழுந்து வந்துவிடுவாள். அத்தான் அதுவரை வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். போன வருஷம் நான் போயிருந்தபோது உள்ளே கீர்த்தனை பாடப் பாட அவர் ஸ்கூட்டர் ஹேண்டிலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சரணம்கூட அவர் விடவில்லை. சுவருக்கு வெளியே நின்றே அத்தனையும் பாடம்.

கல்யாணம் கட்டிய நாள் முதல் இதுதான். நான் படித்த எந்தக் கதாநாயகனும் இப்படிக் காத்திருந்ததில்லை.

கடிதத்தைப் பற்றி எழுத வேண்டும். இன்று வேண்டாம்.

மார்ச் 27, வியாழன்

முதல் பகுதியை வாசித்துவிட்டுச் செயலாளர் அம்மா போன் செய்தார். நன்றாக இருக்கிறதாம், ஒரே ஒரு திருத்தம். "ரெண்டு பேரும் ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி எழுதிருங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

கல்யாணம் ஆகியிருந்தால் சுவார்ட்ஸ் ஐயர் ஏன் மறுக்கப் போகிறார்? மறுக்காவிட்டால் மன்னிப்பு எங்கிருந்து வரும்? அழுக்கைத் துடைத்துவிட்டுக் கதையைச் சுத்தமாக்குவது வேறு, அழுக்கே இல்லை என்பது வேறு. இவ்வளவும் மனசுக்குள்தான். போனில் "பார்க்கிறேம்மா" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

சரி, கடிதம்.

அத்தான் அக்காவுக்கு எழுதியது. நீல இன்லண்ட். அக்காவின் தையல் பெட்டியில் நான் பார்த்தேன். எனக்கு 24 வயது, அக்காவுக்கு 27. அதை எடுத்து, அப்பா ராத்திரி ஜெபத்துக்கு எடுக்கும் வேதப்புத்தகத்தில், அவர் அன்றைக்கு வாசிக்க வேண்டிய 1 சாமுவேல் அதிகாரத்தில் வைத்தேன். கையில் கொடுக்கக்கூடத் தைரியம் இல்லை.

அக்கா இப்படிப் போனால் எனக்கு வருகிற வரன் நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம். அப்போது அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். தன் தையல் பெட்டியை அப்பா குடைந்து கடிதத்தை எடுத்தார் என்று அக்கா நம்பினாள். மறுவாரம் வீட்டைவிட்டுப் போனாள். அப்புறம் அவரோடு பேசவே இல்லை. 2009-ல் அப்பா அடக்கத்துக்கு வந்தவள் தெருவோடு நின்றாள், முகம் பார்க்க உள்ளே வரவில்லை. நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

தூத்துக்குடி போய்வந்தேன்.

லெந்து, கறி மீன் கிடையாது என்று நினைவு வைத்து அத்தான் தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் மறுவீட்டு விருந்துக்குச் சொதிதான் வழக்கம். இவர்களுக்கு மறுவீடே நடக்கவில்லை. இஞ்சித் துவையலும் அவரே அரைத்தது. சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்த பிறகு அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன். மனசில் எழுதி வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "அந்த லெட்டரை அப்பா எடுக்கலக்கா. நான்தான் வச்சேன்." அவ்வளவுதான்.

அக்கா அழுவாள் அல்லது எப்போதோ தெரியும் என்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். கதை படித்துக் கெட்டுப்போன புத்தி. அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலேயே பேசினாள்.

"ஏட்டி, இருபது வருஷம் நான் அப்பா மூஞ்சில முழிக்கல. செத்த பெறகும் கோவம் ஆறல. அவங்க செய்யாததுக்கு. அதை இப்ப யாருகிட்டட்டி போய்த் திருப்பி வாங்குவேன்?"

என்னிடம் பதில் இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றாள். அத்தான் எழுந்து பேருந்து நிலையம் வரை கொண்டுவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வழியெல்லாம் உப்பளத்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். திருவிருந்துக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் முழங்கால் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஒரு வாரமாக அக்காவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டவள் பதிலுக்காக நச்சரித்தால், அது கடன் வசூல் மாதிரி ஆகிவிடும்.

பிள்ளைகள் குருத்தோலையைச் சிலுவையாக மடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பீரோவிலிருந்து அப்பாவின் வேதப்புத்தகத்தை எடுத்தேன். அவர் போன பிறகு துடைத்து வைப்பதோடு சரி, பிரித்ததில்லை. 1 சாமுவேலில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது இன்லண்ட். கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஆனால் நான் வைத்த மாதிரி இல்லை. மடிப்பெல்லாம் விட்டுப்போய் மூன்று துண்டாகத் தொங்கியது. அத்தனை முறை பிரித்து மடித்திருக்கிறார். ஒரு ஓரத்தில் பசை போட்டு மெல்லிசுக் காகிதம் ஒட்டியிருந்தது.

கதையை இன்று முடித்தேன். ரகசியக் கல்யாணம் வைக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மதியம் மூன்று மணி நேர ஆராதனை. மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டியது. செயலாளர் அம்மா வழியில் நிறுத்தி, கதையை இரண்டு தடவை வாசித்ததாகச் சொன்னார். "குளோரிந்தா ஐயரை மன்னிச்சிட்டான்னு எங்கேயுமே வரலையே?" கோயில் சாவியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிறாளே, அது போதாதா என்றேன். யோசித்துவிட்டு, அச்சுக்கு அனுப்பியாயிற்று என்றார்.

ராத்திரி அக்கா போன் செய்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "அப்பா கல்லறை எந்த வரிசை?"

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். வழக்கம்போல அத்தான் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அக்கா பத்தடி போய்த் திரும்பி, "நீங்களும் வாங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்தார். இங்கே யாரும் கழற்றுவதில்லை. நான் சொல்லவில்லை.

அக்கா ஜெபம் எதுவும் பண்ணவில்லை. குனிந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து அத்தானும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பிடுங்கினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. பிடுங்கிப் போட்டதை அள்ளிச் சுவரோரம் கொண்டுபோய்க் கொட்டினேன், நாலைந்து நடை.

கிளம்பும்போது அத்தான் முன்னால் போனார். அக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த லெட்டரை அப்பா என்ன செஞ்சாங்க?"

"இருக்குக்கா. வேதப்புத்தகத்துலயே இருக்கு. ஒட்டி வச்சிருக்காங்க."

அவள் நின்றாள். அப்பாவின் பெயர் இருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டருகில் அத்தான் குனிந்து அவளுடைய செருப்பை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். இவள் எப்போது கழற்றினாள் என்று நான் கவனிக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வா" என்றாள். "சாயங்காலமா வராத, காலையிலயே வா. கோயிலுக்குப் போயிட்டு வந்து பாப்போம்."