எந்தக் கட்டத்தில் போடுவது?

“ஓட்டை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு எங்கள் கருத்துக்கணிப்புப் படிவத்தில் ஐந்து கட்டங்கள்: கட்சி, செய்த வேலை, வாக்குறுதி, வேட்பாளரின் குணம், மற்றவை. இராமநாதபுரம் மாவட்டம் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஒரு அம்மாவின் பதிலை நான்காவதில் போட்டேன். தேர்தல் முடிந்து வெகுநாளாகியும் அந்த டிக் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கடலிலிருந்து அப்போதுதான் ஏறியிருந்தார். விரல்களில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்துக்கொண்டே, தான் ஆதரிக்கும் வேட்பாளரைப் பற்றிப் பேசினார்.

“அவரு எங்க சோலிக்கு ஒண்ணும் செய்யல தம்பி. தீவுப் பக்கம் போனா ஃபாரஸ்ட்டுக்காரங்க இன்னமும் பாசியப் புடுங்குறாங்க. ஆனா எங்க வீட்டுக்காரரு இறந்தப்ப வந்தாரு. வாசல்ல நின்னு மாலையப் போட்டுட்டுப் போகல. உள்ள வந்து பாயில உக்காந்தாரு.”

அப்படியானால் செய்த வேலையைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன்.

“நிவாரணப் பணம் பாங்க்ல விழுது. எந்த ஆளு போட்டான்னு பாஸ்புக்குலயா எழுதியிருக்கு?”

இதற்கு என்ன சொல்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கான நிவாரணம் மாநில அரசுப் பணம். இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகு என்று 2017இல் வந்த திட்டத்திலோ, 80 லட்சம் ரூபாய் படகுக்கு மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் டெல்லிதான் பேச வேண்டும். இதில் ஒரு வேட்பாளரின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க என்னாலேயே முடியாது. அந்த அம்மா தன் கண்ணால் பார்த்த ஒன்றை நம்பினார். அதைப் போய் வெறும் பிம்பம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் மேற்பார்வையாளர் அப்படித்தான் சொன்னார். “ஆளப் பார்த்து ஓட்டுப் போடுற ஊருங்க. காமராஜரையே தோக்கடிச்ச மாவட்டம்.” 1967இல் காமராஜர் தோற்ற விருதுநகர் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, உண்மைதான். ஆனால் அது அரிசிப் பஞ்சத்தின் நடுவே நடந்த தேர்தல். ரூபாய்க்கு மூன்று படி என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததை மறந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆட்சியை எடைபோடவே இல்லை என்று சொல்ல முடியாது.

இப்படியெல்லாம் வாதாடிவிட்டு, அப்புறம் ஒரு ஆய்வைப் படித்தேன். 2005இல் அலெக்சாண்டர் டோடோரோவ் குழுவினர் அமெரிக்க செனட் வேட்பாளர்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று மட்டும் கேட்டார்கள். அப்படிச் சுட்டப்பட்டவரே ஏறத்தாழ 70 சதவீதப் போட்டிகளில் ஜெயித்திருந்தார். என் நம்பிக்கை ஆட்டம் கண்டது. முகத்தைப் பார்த்ததும் மனசு ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, காரணத்தைப் பிறகு தேடிக்கொள்கிறதோ? பாயில் உட்கார்ந்தது அப்படித் தேடிய காரணம்தானோ?

அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு அந்த வேட்பாளர் துட்டிக்குப் போகவில்லை. அந்த வீட்டம்மா அவருக்கு எதிர். அவரும் பாசி எடுப்பவர்தான். அவரையும் நான்காவது கட்டத்திலேயே போட்டேன். தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்க விடாததுதான் இருவர் பிழைப்பையும் அடிக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. இந்தப் பெண்களின் உரிமைக்காக ஒருவர் ஐந்து வருடம் அலைந்து, ஒரு சாவு வீட்டுக்குப் போக முடியாமல் விட்டால், அந்த ஓட்டு அவருக்கு இல்லையா? இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அப்படி அலைந்த ஒருவரையும் அவர்கள் பார்த்ததில்லையே, பிறகு யாரோடு ஒப்பிடுவார்கள் என்றும் தோன்றுகிறது.

அடுத்த கணிப்புக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ‘குணம்’ என்ற கட்டத்தை இரண்டாகப் பிரித்து, ‘நேரில் கண்டது’, ‘கேள்விப்பட்டது’ என்று வைக்கலாம் என்கிறேன். மேற்பார்வையாளர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் பதில் முதலாவதில் சரியாக உட்காரும். இரண்டாவது வீட்டம்மா கண்டது அவர் வராததை. அது எதில் சேரும் என்று மேற்பார்வையாளர் கேட்கிறார்.