கொட்டான்

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

காலையிலிருந்து மூணாவது தடவையா அப்பத்தா கேட்டாக.

வளவுத் தூணில் சாய்ந்து கொட்டான் கூடை முடைஞ்சுக்கிட்டு இருந்தாக. சாயம் ஏத்துன பனையோலை. நான் ஒண்ணைத் தப்பா நுழைச்சதும், பேசாம உருவி, சரியாச் செருகுனாக. என் பேருதான் வரலை.

அல்சைமர்ங்கிற மறதி நோய் பொதுவா முதல்ல அரிக்கிறது, மூளையில புது நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் பக்கம். கைப்பழக்கம் குடியிருக்கிறது வேற இடத்துல: பாசல் கேங்லியா, சிறுமூளை. அதான் ரொம்ப நாள் தாங்குது.

2023-ல அமெரிக்காவுல முழு அனுமதி கிடைச்ச லெக்கனெமாப்ங்கிற அல்சைமர் மருந்து, ஆய்வுல 18 மாசத்துல சரிவை 27 சதவீதம் மெதுவாக்குச்சு. நிறுத்தலை, மெதுவாக்குச்சு. அதுவும் ஆரம்பக்கட்டத்துல இருக்கிறவங்களுக்கு. நாங்க அதைத் தாண்டி வந்தாச்சு.

பொழுது சாய, முடிச்ச கொட்டானை என் கையில குடுத்தாக.

"கொண்டுபோய் உங்க ஆத்தாட்ட குடு."